கமிஷன் வந்த ஊரும் தீர்ப்பு வந்த ஊரும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியின் இளம் தோழர்களிடம் 1990களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சாதிக் கலவரம்தானே?" என்று கேட்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்டு வளர்ந்த சொல் அது. அந்தச் சொல்லையே நாம் முதலில் கேள்வி கேட்க வேண்டும். இரு தரப்பு மோதிக்கொண்டால் கலவரம் எனலாம். சீருடை அணிந்தவர்கள் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கியதற்கும் அதே பெயரா?

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருக்கிறது வீரசிகாமணி. 1995 ஜூலையில் அங்கே ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் நடந்த தகராறு, தென்மாவட்டம் முழுக்கப் பரவிய மோதலாக மாறியது. அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 31 அன்று ஏறத்தாழ 600 போலீசார் தூத்துக்குடிப் பக்கமுள்ள கொடியன்குளத்துக்குள் நுழைந்தார்கள். குற்றவாளிகளைத் தேடி வந்தோம் என்றது காவல்துறை.

ஆளைத் தேடி வந்தவர்கள் தையல் மெஷினையும் டிவியையும் ஏன் உடைத்தார்கள்? வளைகுடா வேலைக்கான பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஏன் கொளுத்தினார்கள்? குடிநீர்க் கிணற்றை ஏன் பாழாக்கினார்கள்? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தாலும் படிப்பாலும் யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லாத ஊராகக் கொடியன்குளம் வளர்ந்திருந்தது. அடி விழுந்தது அந்த வளர்ச்சியின் மீது.

1997இல் புயல் நம் மாவட்டத்துக்கே வந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதும் ஆதிக்கச் சாதியினர் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கிவிட்டது. அந்த ஆண்டுகளில் தென்மாவட்டத் தலித் குடியிருப்புகளில் நடந்த போலீஸ் ரெய்டுகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அடித்துச் சிறையில் அடைக்கப்பட்ட ஒரு கர்ப்பிணிக் கூலிப்பெண், சிறையிலேயே கருவை இழந்ததும் அதில் இருக்கிறது.

கொடியன்குளத்துக்கு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் என்றதும் நீதி வந்துவிடும் என்று நம்புகிறோம். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி கமிஷன் அறிக்கை தரலாம், பரிந்துரைக்கலாம். ஒருவரையும் தண்டிக்க முடியாது. கோபம் ஆறும்வரை காலம் கடத்த ஆட்சியாளர்களுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை.

இதோடு தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை வைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பாதிக்கப்பட்ட மக்கள் மீதே வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினார்கள். ஆனால் அந்தப் பெண்கள் வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் உடன் நின்றன. சிபிஐ விசாரணை வந்தது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

19 ஆண்டுகள் கழித்துத்தான் முதல் தீர்ப்பு. அது நீதியின் தாமதம், அதைக் கொண்டாட முடியாது. ஆனாலும் சீருடைக்குத் தண்டனை கிடைக்கவே கிடைக்காது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. கொடியன்குளத்துக்கு அப்படியொரு தீர்ப்பு வரவில்லை. அந்த மக்களின் துணிச்சலில் குறை இல்லை. ஊரே சேர்ந்து எழுப்பிய குரலை அரசு கமிஷன் பக்கம் திருப்பிவிட்டது.

நம் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. தமிழக அரசு முத்திரையில் உள்ள கோபுரம் இந்த ஊர்க் கோபுரம்தான் என்று பெருமை பேசுகிறோம். அந்த முத்திரை பதித்த காகிதத்தில் நம் மக்கள் மீது பொய்வழக்கு எழுதப்படும்போது என்ன செய்யப் போகிறோம்?

செய்ய வேண்டியது இருக்கிறது. கைது செய்தால் சாட்சிக் கையெழுத்துள்ள கைதுக் குறிப்பு வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் தலித் அல்லாத, பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது. இவற்றைக் காவல் நிலைய வாசலில் நின்று சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருக்க வேண்டும்.

தோழர்களே, 1997ஐக் கண்ணால் பார்த்த அம்மாக்களும் தாத்தாக்களும் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பெயர், தேதி, உடைந்த பொருள், வந்த வண்டி என எல்லாவற்றையும் எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் எஃப்ஐஆரில் இருப்பது மட்டும்தான் வரலாறாக மிஞ்சும்.

ஜெய்பீம்.