அஞ்சல் முத்திரையில் வாழும் ஊர்கள்

ஓர் ஊர் தோன்றியதற்குக் கல்வெட்டு கிடைக்கும்; செப்பேடும் கிடைக்கும். அது மறைந்ததை மட்டும் எவரும் பொறித்து வைப்பதில்லை. வீடுகள் இடியும், குடிகள் கலையும், இரண்டு தலைமுறை சென்றால் பெயரும் மறந்துபோகும். அத்தகைய ஊர்களைத் தேடுவோர்க்கு நல்ல வழிகாட்டி ஒன்றுண்டு. அதுவே அஞ்சலகம்.

இஸ்லாமிய உலகம் இதனை முன்பே கண்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸிய ஆட்சியின் 'பரீத்' என்னும் அஞ்சல் துறையில் அதிகாரியாக விளங்கியவர் இப்னு குர்தாத்பிஹ். சாலைகளையும், தங்கல்களையும், அவற்றின் இடைத் தூரங்களையும் தொகுத்து 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' என்னும் நூலை அவர் யாத்தார். அலுவலுக்கு உதவிய அவ்விவரங்களே இன்று வரலாற்றாசிரியர்களுக்குக் கருவூலமாக உள்ளன.

நம் எண்ணூர்க் கரைக்கு வருவோம். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்திற்கு 1806 ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் முதலீட்டில் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. பின்னர் அது பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டது. 1878 இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் மீனும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. ரயிலும் லாரியும் பெருகியபின் படகுகள் நின்றன. 1970 இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2001 இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் எழுந்தபோது, காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அனல்மின் நிலையமும் 2017 இல் மூடப்பட்டுவிட்டது. 1972 ஆகஸ்ட் 15 இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்களில் எண்ணூருக்கு உரியது 600057. எண் இடத்தைச் சுட்டும். அங்கிருந்து பெயர்ந்து சென்ற மனிதரைச் சுட்டாது.

எண்ணூர்க் கரையில் தொழில் செய்ததை, தமிழகத்தின் மற்றொரு கடற்கோடியில் கடலே செய்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி இலங்கைக்கு வாயிலாயிற்று. 'போட் மெயில்' ரயிலில் வந்தோர் அங்கே கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தனர். கொழும்பில் வணிகம் நடத்திய நம்மவர் பலருக்கும் அதுவே வழி. ரயில் நிலையமும், சுங்கச் சாவடியும், பள்ளியும், அஞ்சலகமும் கொண்டிருந்த அவ்வூர், 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் எழுந்த புயலில் அழிந்தது. பயணிகளுடன் வந்த ரயிலும் கடலுக்கு இரையாயிற்று. வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. இன்று சாலை போடப்பட்டுச் சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். ஆனால் அங்கே கடிதம் கொண்டு சேர்க்க, பழைய ஊர் இல்லை.

எனினும் அவ்வூரின் முத்திரை, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும். பழைய உறையின் முன்புறத்தில் கடிதம் புறப்பட்ட அஞ்சலகத்தின் பெயரும் தேதியும் இருக்கும். பின்புறத்தில் சேர்ந்த அஞ்சலகத்தின் முத்திரை இருப்பதும் உண்டு. முகவரியில் 'அஞ்சல்' என்றும் 'வழி' என்றும் எழுதிய இரு சொற்கள், ஒரு சிற்றூர் எந்த அஞ்சலகத்தைச் சார்ந்திருந்தது, எவ்வழியே உலகோடு தொடர்பு கொண்டது என்பதைக் காட்டிவிடும். அம்முத்திரை நிலவுரிமைப் பத்திரமாகாது. ஆயினும் அன்ன நாளில் அவ்வூரில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குச் சாட்சியாகும்.

பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பாட்டனார் எழுதிய மடல்களைப் பழங்காகிதமென்று எடைக்குப் போடும் குடும்பங்கள் உள்ளன. அவ்வாறு செய்யற்க. உறையையும் சேர்த்துப் பாதுகாப்பீர். அதிலுள்ள ஊர்ப்பெயரைப் பள்ளிவாசலின் நிகாஹ் பதிவேட்டோடும், அடக்கத்தலத்தின் மீஸான் கல்லோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றுபடும் இடத்தில் மறைந்துபோன ஒரு ஜமாஅத் உயிர்பெற்று எழும். முதியோர் இருக்கும்போதே அப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது நம் கடன்.