வீட்டுக்குள்ள ஒரு ஸ்டுடியோ: 'ரோஜா'வுக்கு முன்னாடி நடந்த கதை

திருப்புட்குழியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "வீட்டுல நாள் முழுக்க தறிச் சத்தம், நடுநடுவுல கோயில் மணி. இங்க உட்கார்ந்து பாட்டு ரெக்கார்ட் பண்ண முடியுமாண்ணா?"

இதுக்குப் பதில் சொல்ல 1989-க்குப் போகணும்.

ரொம்ப காலமா சென்னையில சினிமாப் பாட்டுன்னா பெரிய ஸ்டுடியோ, கால்ஷீட் கணக்குல வாடகை. வயலின், தபேலா, புல்லாங்குழல், பாடகர் எல்லாரும் சேர்ந்தே வாசிக்கணும். ஒருத்தர் பிசகினா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால பரிசோதனை பண்ணிப் பார்க்க நேரமே கிடைக்காது.

ஏ.ஆர்.ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் இறந்தப்போ அவருக்கு 9 வயசு. அப்பாவோட வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. கீபோர்டு வாசிச்சு, விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டு வளர்ந்த ரஹ்மான், 1989-ல கோடம்பாக்கம் வீட்டுப் பின்பக்கம் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவைக் கட்டினார்.

காலமும் கைகொடுத்துச்சு. 1979-லயே டாஸ்காம் கம்பெனி நாலு டிராக் கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்திருந்தது. அதை வெச்சு வீட்டுல பதிவு பண்ணதுதான் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 1982 ஆல்பம் 'நெப்ராஸ்கா'. 1983-ல மிடி வந்ததும், வேற வேற கம்பெனி கீபோர்டுகளை ஒண்ணா இணைக்க முடிஞ்சது.

1992-ல 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே ரஹ்மானுக்குத் தேசிய விருது. அந்த வீட்டு ஸ்டுடியோ அவருக்குக் கொடுத்த பெரிய விஷயம் மெஷின் இல்ல, நேரம். ராத்திரி முழுக்க ஒரே சத்தத்தை மாத்தி மாத்திப் பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதுக்கு ஒரு விலையும் இருந்தது. கீபோர்டும் சீக்வென்சரும் பரவப் பரவ, கூட்டமா உட்கார்ந்து வாசிச்ச கலைஞர்கள் பலருக்கு வேலை குறைஞ்சது. அதையும் மறக்கக் கூடாது.

இப்ப தம்பிக்கு வர்றேன். தறி நின்ன பிறகு, ராத்திரியில பாடுங்க. துணி அடுக்கின பீரோவைத் திறந்து வெச்சு, சுவத்துல கனமான போர்வை தொங்கவிட்டா எதிரொலி குறையும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். லெவல் சிவப்பைத் தொட வேண்டாம். உடைஞ்சு பதிவான குரலைச் சரிபண்றது ரொம்பக் கஷ்டம். மிக்ஸிங்ல முதல்ல குரலை வைங்க, அதை மறைக்கிற வாத்தியத்தைக் குறைங்க. வால்யூமைக் கம்மியா வெச்சே வேலை பாருங்க. காலையில எழுந்ததும் போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க.

கடைசியா ஒண்ணு. ரஹ்மான் வீட்டுல வேலை பார்த்தார், ஆனா தனியா பார்க்கல. ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர் 'ரோஜா'வுல தொடங்கி 2008-ல இறக்குற வரைக்கும் அவர்கூட இருந்தார். நம்ம பாட்டுல இருக்கிற குறை நம்ம காதுக்குச் சீக்கிரம் பழகிடும். அதனால பாட்டை வெளிய விடுறதுக்கு முன்னாடி, முகத்துக்கு நேரா "இது சரியில்ல"ன்னு சொல்ற ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டிடுங்க.