பட்பட்டிக்கு வாய்த்த இரண்டாம் இருதயம்

டில்லியில் நெடுநாள் வாழ்ந்த தமிழர்களிடம் 'பட்பட்டி' என்ற சொல்லை உச்சரித்தால் போதும். அவர்கள் முகத்தில் புன்னகை அரும்பும். கரோல்பாக்கில் குடியிருந்து, கனாட் பிளேஸை அடுத்த சர்க்கார் காரியாலயங்களுக்குச் சென்று வந்த நம்மவர் பலரைச் சொற்பக் கட்டணத்தில் ஏற்றிச் சென்ற வாகனம் அது. முன்பாதி மோட்டார் சைக்கிள்; பின்பாதி இரு சக்கரங்களின்மேல் அமைந்த கூரை வேய்ந்த வண்டி. ஓடும்போது எழுப்பிய ஓசையே அதற்குப் பெயராயிற்று. அந்த வண்டி தன் யந்திரத்தை மாற்றிக்கொண்டு வாழ்ந்த வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றது. சேனைகளுக்கென வந்திருந்த ஹார்லி-டேவிட்சன் முதலிய அமெரிக்க மோட்டார் சைக்கிள்கள் உபரிப் பொருள்களாக விலைக்கு வந்தன. 1947-இல் நாடு பிரிவினையுற்றபோது, உடைமைகளை இழந்து டில்லியை அடைந்தோர் பிழைப்பு நாடி நின்றனர். சேனையின் சைக்கிளும் அகதியின் உழைப்பும் இணைந்தன, பட்பட்டி பிறந்தது.

போர்க்காலத்து ஹார்லியின் யந்திரம் இரு சிலிண்டர்களை உடையது. ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 23 குதிரைத்திறனும் கொண்டது. ஒரு போர்வீரனைச் சுமப்பதற்காக அமைந்த அந்த யந்திரம், இங்கு ஆறு பேரையும் எட்டுப் பேரையும் இழுத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்ந்தது. உதிரிப் பாகங்களோ கடல் கடந்து வர வேண்டியவை. 1973-இல் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி தோன்றி, பெட்ரோல் விலை ஏறியது. உழவுக்கும் லாரிக்கும் வேண்டிய டீசலோ அதனினும் மலிவாகவே கிடைத்தது.

வண்டிக்காரர் என்ன செய்வார்? புது வண்டி வாங்க முதல் இல்லை. ஆனால் சட்டமும் சக்கரமும் இருக்கையும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுவதற்குரிய பெர்மிட் இருக்கிறது. யந்திரம் ஒன்றுதான் குறை. ஆகவே, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் யந்திரத்தை அங்கே பொருத்தினார்கள். அது நம் நாட்டிலேயே செய்யப்படுவது. உதிரிப் பாகம் கடைத்தெருவில் கிடைப்பது. பழுது பார்க்கத் தெரிந்தவர் எங்கும் உள்ளவர்.

இது ஆணியைக் கழற்றி ஆணியைப் பூட்டும் எளிய வேலை அன்று. பம்பு யந்திரம் கனமானது. ஒற்றைச் சிலிண்டராதலால் அதிர்வும் மிகுதி. பழைய சட்டம் அதைத் தாங்க வேண்டுமானால் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து வலுவூட்ட வேண்டும். மேலும், ஹார்லியின் யந்திரம் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. பம்பு யந்திரமோ ஆயிரத்து ஐந்நூறு சுற்றளவில் நிதானமாக இயங்குவது. பல்சக்கரங்களின் அளவை அதற்கேற்ப மாற்றாவிடில் வண்டி நத்தையாக ஊரும். பொறியியற் கல்லூரியின் வாசலை மிதியாத மிஸ்திரிகள் இத்தனையையும் கைப்பழக்கத்தாலேயே செய்து முடித்தனர்.

பெரிய ஸ்தாபனங்களும் இந்த வழியைப் பின்பற்றியதுண்டு. அம்பாஸடர் கார் தன் உருவை அதிகம் மாற்றிக்கொள்ளாமலே, 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸு யந்திரத்தைப் பெற்று, 2014 வரை உற்பத்தியாகி வந்தது.

எனினும், இச்சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. பம்பு யந்திரம் திறந்த வயல்வெளியில், ஒரே வேகத்தில் இயங்குவதற்கென அமைந்தது. நெரிசல் மிகுந்த தெருவில் நிற்பதும் புறப்படுவதுமாக, பாரம் ஏற்றி அதை ஓட்டும்போது, உள்ளே சென்ற காற்றால் எரித்துத் தீர்க்க இயலாத அளவு டீசல் பாய்ந்தது. எரியாத மிச்சம் கரும்புகையாக வெளிப்பட்டது. வண்டிக்காரர் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதியைத் தெருவில் நடந்தவரின் சுவாசப்பை செலுத்திற்று. அவரது சுவாசப்பையும் அதற்கு விலக்கன்று.

டில்லியின் மோட்டார்ப் புகையைக் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாகப் பிறந்த ஆணைகளை ஒட்டி, 1998-இல் பட்பட்டிகள் தெருவிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த நான்கு சக்கர வண்டிகளும் பட்பட் என்ற பெயரையே தாங்கி ஓடின.

பழையதை எறியாமல் அதற்கு இன்னொரு வாழ்வு அளித்த அந்த மிஸ்திரிகளின் அறிவைப் போற்றத்தான் வேண்டும். வண்டிக்குப் புது இருதயம் பொருத்தும்போது, அது விடும் மூச்சு யார் மார்பில் சென்று தங்கும் என்ற கேள்வியையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்பட்டியின் வரலாறு நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.