கானெம் முதல் கோட்டைப்பட்டினம் வரை: அழகிய கடனும் ஏழை மாணவரும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்கள் பலவற்றில் மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்தே நுழைகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாப்பட்டினம், மீமிசல் எனக் கடலோரமாக நீளும் ஊர்களிலும், அறந்தாங்கி, அன்னவாசல் போன்ற உள்ளூர்களிலும், பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றும் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி காணாத பெற்றோர் உள்ளனர்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் கல்விக்கடன் பெற வழி ஏற்பட்டது. ஆனால் அதில் வட்டியும் உண்டு. வட்டிக்கு அஞ்சி, மகனைப் பயணம் அனுப்பிவிடுவோரும், மகளின் படிப்பை நிறுத்திவிடுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். இந்தியாவில் 20 வயதைக் கடந்த முஸ்லிம்களுள் பட்டம் அல்லது பட்டயம் பெற்றோர் 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்றும், மொத்த மக்களில் அது ஏறத்தாழ 7 விழுக்காடு என்றும் சச்சார் குழு 2006இல் எடுத்துக்காட்டியது. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. தக்க தருணத்தில் கைகொடுக்கும் பொருள் இல்லாமையும் அவற்றுள் ஒன்று.

வட்டியை விலக்கிய மார்க்கம், அதற்கு மாற்றாக ஒன்றைக் காட்டாமல் விடவில்லை. திருக்குர்ஆன் போற்றும் ‘கர்ளன் ஹஸனா’ என்னும் அழகிய கடனே அது. கொடுத்த தொகையை மட்டுமே திரும்பப் பெறுவது, வாங்கியவர் இடர்ப்பட்டால் தவணையை நீட்டிப்பது என்பன அதன் இலக்கணம். இதனைக் கல்விக்குப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதற்கு வரலாற்றில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன.

ஆப்பிரிக்க மாணவரும் கெய்ரோவும்

சாட் ஏரியைச் சூழ்ந்திருந்த கானெம் நாட்டு முஸ்லிம்கள், 13ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் எகிப்தை அடைந்தனர். 1240களில் அங்கே காளி இப்னு ரஷீக் என்பவரிடம் தம் பொருளை ஒப்படைத்து, கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத் நகரில் ஒரு மத்ரஸாவை எழுப்பச் செய்தனர். தம் நாட்டிலிருந்து கல்வி தேடி வருவோர் தங்கவும் மாலிகி மத்ஹபின் சட்டங்களைப் பயிலவும் அது இடமளித்தது. பாலைவனத்திற்கு அப்பாலிருந்த ஒரு சமுதாயம், பிறர் தரும் வரை காத்திராமல், தன் பிள்ளைகளின் கல்விக்குத் தானே பொருள் திரட்டிய வரலாறு இது.

அல்அஸ்ஹரிலும் வெவ்வேறு நாட்டினருக்கெனத் தனித்தனி ‘ரிவாக்’ என்னும் தங்குமிடங்கள் இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜபர்த் பகுதி மாணவர்களுக்கும் ஒன்று இருந்தது. வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தியின் குடும்பம் அதனோடு தொடர்புடையது. அங்குப் பயின்ற மாணவரின் உணவுச் செலவை வக்ஃபு வருவாய் தாங்கியது.

நம் மண்ணின் கொடை

இந்தியாவில் அலிகர் மாணவர்கள் 1890இல் ‘அஞ்சுமன் அல்ஃபர்ள்’ என்னும் கடமைச் சங்கத்தை அமைத்து, வறிய மாணவருக்காக நிதி திரட்டலாயினர். அதற்கு முன்னின்றவர் சாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மது கான். இரண்டாண்டுகளுக்குப் பின், 1892இல், ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய அறநிதி, வெளிநாட்டில் உயர்கல்வி கற்கும் இந்தியருக்கு உதவியைக் கடனாக வழங்கியது.

தமிழகத்தில் நம் முன்னோரின் கொடை பெரும்பாலும் கல்விக்கூடங்களாக உருப்பெற்றது. ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப், ஹாஜி காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி தோன்றியது. 1974 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிருந்த புதுக்கோட்டைக்கு முன்னது அண்மையானது. கடலோர ஊர்களுக்குப் பின்னது அண்மையானது. வாசலைத் திறந்துவைத்தது அந்தத் தலைமுறை. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளின் செலவு வளர்ந்த காலத்தில், அந்த வாசல் வரை ஏழை மாணவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது.

மாணவருக்குக் கடன், சமுதாயத்திற்குக் கொடை

ஜித்தாவில் 1975இல் செயல்படத் தொடங்கிய இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, 1983இல் ஒரு கல்வித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. வங்கியில் உறுப்பினரல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமுதாயங்களுக்கானது அது. இந்தியாவும், ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா, கானா முதலியனவும் அத்தகைய நாடுகளே. திறமையிருந்தும் வசதியற்ற மாணவர்கள் மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற துறைகளில் பயில அது துணைநின்றது.

அத்திட்டத்தின் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. உதவித்தொகை மாணவருக்கு வட்டியில்லாக் கடன். அவர் சார்ந்த சமுதாயத்திற்கோ அது கொடை. பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தபின் மாணவர் தவணையாகச் செலுத்தும் தொகை ஜித்தாவுக்குத் திரும்பாது. அவருடைய நாட்டிலேயே உள்ள அறக்கட்டளையைச் சேர்ந்து, அடுத்த மாணவருக்குப் பயன்படும். கென்யாவில் ஒருவர் அடைக்கும் கடன் அங்குள்ள மற்றொரு பிள்ளையின் படிப்பாகிறது. இந்தியாவில் அடைக்கப்படுவது இந்தியப் பிள்ளையின் படிப்பாகிறது. வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறும் கண்ணியமும் இதில் உண்டு.

நாம் செய்யத்தக்கது

இத்தகைய நிதியை ஓர் ஊர் ஜமாஅத்தும் சிறிய அளவில் நடத்தலாம். அதற்கு மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஜகாத்தையும் கடன்நிதியையும் கலத்தலாகாது. ஜகாத் உரியவருக்கு உடைமையாக்கப்பட வேண்டியது என்பதே நம்மிடையே வழங்கும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை. ஆகவே கடன்நிதிக்கு ஸதக்கா, நன்கொடை ஆகியவற்றிலிருந்து தனிக்கணக்கு தேவை. திருப்பிச் செலுத்தவே இயலாத வறியவருக்குக் கடன் சுமத்தாமல் ஜகாத்திலிருந்து வழங்குவதே பொருத்தம். நுட்பமான விளக்கங்களை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

இரண்டாவது, எழுத்து. கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் விரிவாகக் கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். உறவும் நட்பும் நிறைந்த சிற்றூரில் கணக்கேடு கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது; அது இறைகட்டளையைப் பேணுவதாகும்.

மூன்றாவது, இரு தரப்பின் நேர்மை. வேலை கிடைக்காமல் தவிப்பவருக்கு அவகாசம் தருமாறு அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கொடுத்தவருக்கு உணர்த்துகிறது. கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனை அடைக்க வழியுண்டா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியது வாங்கியவருக்கு உணர்த்துகிறது. வசதி வந்தபின்னும் ஒருவர் தவணையை மறந்தால், இழப்பு பணக்காரருக்கன்று. தேர்வு முடிவோடு வாசலில் காத்திருக்கும் அடுத்த ஏழைப் பிள்ளைக்கே.

கானெம் நாட்டவர் தம் பயணத்தினிடையே செய்ததை நாம் ஊரிலிருந்தே செய்யலாம். வெளிநாடு சென்று பொருளீட்டும் நம் சகோதரர்கள் ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்தில் தொடங்கினாலும் போதும். அது திரும்பத் திரும்பப் பலருக்குப் பயன்படும். வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, முயற்சிகளை ஏற்றருள்வானாக. ஆமீன்.