சாவி யார் கையில்? பழவேற்காட்டுக் கரையும் இராணுவ உடன்படிக்கைகளும்

இரண்டு அரசுகள் படைத்துறையில் கைகோக்கும்போது பேச்சு முழுவதும் பொது எதிரியைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் எதிரி சில ஆண்டுகளில் மாறிவிடுவான். ஆயுதக் கிடங்கு யார் பொறுப்பில் இருக்கிறது, பராமரிப்புச் செலவு யார் தலையில் விழுகிறது, கோட்டைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஒரு கூட்டுறவு யாருக்கு ஆதாயமாக முடியும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை–கூடூர் இரயில் தடத்தில் மீஞ்சூரைத் தாண்டி வரும் அனுப்பம்பட்டுக்கு வடகிழக்கே பழவேற்காடு இருக்கிறது. கிழக்கே கடலோரத்தில் காட்டுப்பள்ளி. நானூறு ஆண்டு இடைவெளியில் அமைந்த இருவேறு வகைக் கூட்டுறவுகளை இவ்விரு ஊர்களும் காட்டுகின்றன.

விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் 1610இல் டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் வணிக உரிமை அளித்தார். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் 1612இல் அந்தப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர்; மறு ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அங்கே நிறுவப்பட்ட வெடிமருந்துச் சாலை, பத்தேவியா உள்ளிட்ட டச்சுத் தளங்களுக்குப் பல பத்தாண்டுகள் மருந்து அனுப்பியது. நிலம் கொடுத்த அரசு உள்நாட்டுப் போரில் சிதறியது. 1640களில் இப்பகுதி கோல்கொண்டாவின் கீழ் வந்தது. ஆட்சி கைமாறியபோதும் கோட்டையும் மருந்துச் சாலையும் டச்சுக்காரரிடமே இருந்தன.

இதே கோட்டையில் இன்னொரு கூட்டுறவும் சோதித்துப் பார்க்கப்பட்டது. வரலாற்று நூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வியப்பளிக்கிறது. 1619இல் லண்டனில் உருவான ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கையின்படி, பழவேற்காட்டுக் காவற்படைச் செலவில் பாதியை ஆங்கிலேயக் கம்பெனி ஏற்க வேண்டும்; பதிலுக்கு அங்கே அதற்கு வணிகத்தில் பங்கு கிடைக்கும். 1621இல் வந்த ஆங்கிலேயர் 1623இலேயே வெளியேறினர். எதிரி இருவருக்கும் பொதுதான், செலவும் சரிபாதிதான். ஆனால் கோட்டையின் கட்டளை மட்டும் டச்சுக்காரர் கையில். அதன்பின் பழவேற்காட்டு ஏரியின் வடபுறம் துர்க்கராசப்பட்டினத்தில் 1626இலும், பிறகு சென்னையிலும் ஆங்கிலேயர் தமக்கெனத் தனி இடம் தேடிக்கொண்டதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

கண்டி அரசின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. போர்த்துக்கீசியரை விரட்ட 1638இல் இரண்டாம் இராசசிங்கன் டச்சுக்காரருடன் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தார். படைச்செலவை அரசர் கறுவாப்பட்டை முதலிய பொருள்களாகத் திருப்பித் தர வேண்டும். பிடிபடும் கோட்டைகளில் டச்சுக் காவலை வைப்பது அரசர் விருப்பத்தைப் பொறுத்தது என்பது கண்டியின் நிலை. அந்த நிபந்தனையை டச்சுக்காரர் ஏற்கவில்லை. 1640இல் காலியையும் நீர்கொழும்பையும் பிடித்தவர்கள் கடன் பாக்கியைக் காட்டி அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது வென்ற நகருக்குள் நுழையவே கண்டி அரசருக்கு வழியில்லை. போர் நீள நீளக் கடன் ஏறியது. கடன் ஏற ஏறக் கோட்டைகள் அடகுப் பொருளாயின.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தளர்ந்துகொண்டிருந்த முடியரசுகளும் ஆயுதம் தாங்கிய வணிகக் கம்பெனியும் செய்துகொண்ட ஏற்பாடுகளைக் கொண்டு இன்றைய குடியரசுகளை எப்படி அளப்பது? மறுப்பு நியாயமானது, காட்டுப்பள்ளியே அதற்குச் சாட்சி. 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்ப்புக்காக அங்குள்ள லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் தளத்துக்கு வந்தது. இந்தியாவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல்முறை. 2023இல் அதே தளத்துடன் ஐந்தாண்டுப் பழுதுநீக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. தளம் இந்திய நிறுவனத்துடையது. கூலி கொடுப்பவர் வந்தவர். வேலை முடிந்தால் கப்பல் போய்விடும். 2016ஆம் ஆண்டின் இந்திய–அமெரிக்கத் தளவாட ஒப்பந்தமும் எரிபொருள், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே வழி செய்கிறது. இராணுவத் தளம் அமைக்க இடம் தரவில்லை. ஆக, மூன்று கேள்விகளுக்கும் கெல்ட்ரியா தந்ததற்கு நேர்மாறான விடையைத்தான் காட்டுப்பள்ளி தருகிறது. அமெரிக்கக் கப்பல் வந்ததையே அடிமைத்தனமாகச் சித்திரிப்போர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. செலவுக் கணக்கில் மட்டும் ஒரு குறை உண்டு: தளத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் கொடுத்த விலை எந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் பதிவாவதில்லை.

ஆனால் மறுப்பு பாதி தூரம்தான் செல்கிறது. கப்பல் பழுதில் சாவி நம்மிடம் இருக்கிறது என்றால், போர் விமானத்தில் அது எங்கே இருக்கிறது? தேஜஸ் எம்கே–1ஏ விமானங்களுக்காக 99 எஃப்404 எஞ்சின்களுக்கு 2021இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்குடன் ஒப்பந்தமானது; முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. பகை ஏதும் இல்லை, உடன்படிக்கை மீறலும் இல்லை. தயாரிப்பாளரின் உதிரிபாகச் சங்கிலி தடைப்பட்டதே போதுமானதாக இருந்தது. உடற்பகுதி பெங்களூரில் ஆயத்தமாகி எஞ்சினுக்காகக் காத்திருந்தது. பழவேற்காட்டு மருந்துச் சாலை பதினேழாம் நூற்றாண்டில் வகித்த இடத்தை இன்று எஞ்சின் தொழிற்சாலை வகிக்கிறது. ஆகவே அமெரிக்காவுடனான கூட்டுறவை மதிப்பிடுவோர் காட்டுப்பள்ளி வரவையும் எஞ்சின் தாமதத்தையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டும். முன்னதை இராசதந்திர வெற்றியாகவும் பின்னதை வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகவும் பிரித்து எழுதும் வழக்கம் நம் பாதுகாப்பு ஆய்வுகளில் இன்னும் நீடிக்கிறது.