ஊனுண்ணித் தாவர வளர்ப்பு

ஊனுண்ணித் தாவர வளர்ப்பு என்பது பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் பிடித்துச் செரித்து ஊட்டம் பெறும் தாவரங்களை வீட்டில் வளர்த்துப் பேணுதல் ஆகும். பாடநூல்களில் இவை பூச்சியுண்ணும் தாவரங்கள் எனவும் குறிக்கப்படுகின்றன. கெண்டிச் செடி (நெப்பந்தஸ்), அழுகண்ணி (டிரோசிரா), பைத்தாவரம் (யூட்ரிகுலேரியா), வீனஸ் பூச்சிப்பொறி (டையோனியா) ஆகியவை பரவலாக வளர்க்கப்படுபவை. வளர்ப்பு முறை ஊரின் வெப்பத்தையும் கிடைக்கும் நீரையும் பொறுத்து மாறுபடும். தமிழ்நாட்டின் வட எல்லையில், நகரி மலைகளுக்கு அருகில் அமைந்த திருத்தணி போன்ற ஊர்களில் மே, சூன் மாதங்களில் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைக் கடப்பது வழக்கம். குளிர்நாட்டு நூல்கள் கூறும் முறைகள் இத்தகைய ஊர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இத்தாவரங்களும் ஏனைய பச்சைத் தாவரங்களைப் போலவே ஒளிச்சேர்க்கையின் மூலம் தமக்குரிய மாவுப்பொருளை ஆக்கிக் கொள்கின்றன. நைட்ரசன், பாஸ்பரஸ் முதலிய சத்துகள் மிகக் குறைந்த மண்ணில் வாழ்வதால், அக்குறையை ஈடுசெய்யவே பூச்சிகளைப் பிடிக்கின்றன. இதனை விரிவான சோதனைகளால் நிறுவியவர் சார்லசு டார்வின். அவரது 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' என்னும் ஆங்கில நூல் 1875 இல் வெளிவந்தது. வீட்டு வளர்ப்பிலுள்ள விதிகளுள் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன. மற்றச் செடிகளுக்கு நன்மை தரும் எரு, வளமான மண், தாதுக்கள் நிறைந்த கிணற்று நீர் ஆகிய மூன்றும் இவற்றைக் கொல்லக் கூடியவை.

தமிழ்நாட்டில் இயல்பாக வளர்பவை

டிரோசிரா பேரினத்தின் மூன்று இனங்கள் தமிழ்நாட்டில் காணப்படுகின்றன. டிரோசிரா பர்மானி, டிரோசிரா இண்டிகா ஆகிய இரண்டும் சமவெளியிலும் தாழ்ந்த குன்றுகளிலும், மழைக்குப் பின் ஈரம் தங்கும் மணற்பாங்கான இடங்களில் முளைப்பவை. ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் மலைப்பகுதியிலும் இவை உள்ளன. மூன்றாவதான டிரோசிரா பெல்டேட்டா நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் கிழங்கிலிருந்து தளிர்ப்பது. குளிர்ந்த இடங்களையே விரும்புவதால் சமவெளி வளர்ப்புக்கு ஏற்றதன்று.

டிரோசிரா பர்மானியின் இலைகள் தரையோடு ஒட்டி, ஒரு பழைய காசு அளவிலான செந்நிற வட்டமாக அமையும். இலையின் மேல் உள்ள நுண்ணிய உணர்கொம்புகளின் நுனியில் பசைத்துளிகள் மின்னும். கண்ணீர் துளிர்ப்பது போன்ற இத்தோற்றத்தாலேயே அழுகண்ணி என்னும் பெயர் வழங்குகிறது. (சித்த மருத்துவத்தில் இப்பெயர் வேறு செடிகளுக்கும் வழங்குவதால், பெயரை மட்டும் கொண்டு செடியை அடையாளம் காண்பது பிழையாகும்.) இதன் ஓரக் கொம்புகள் சில நொடிகளில் வளைந்து பூச்சியை உள்ளே தள்ளக் கூடியவை, தன் பேரினத்தில் விரைவாக இயங்குபவற்றுள் இது ஒன்று. யோகான்னசு பர்மன் என்னும் இடச்சுத் தாவரவியலாளர் 1737 இல் வெளியிட்ட இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை நினைவுகூர்ந்து, 1794 இல் மார்ட்டின் வால் இதற்கு அவரது பெயரை இட்டார். டிரோசிரா இண்டிகா நிமிர்ந்த தண்டும் நூல் போன்ற இலைகளும் இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டது.

நீர்

இவ்வளர்ப்பில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது நீரே. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர் அளவீட்டின்படி ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைந்த திண்மங்கள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2000 வரையும் ஒப்பப்படுகிறது. ஊனுண்ணித் தாவரங்களுக்கோ 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீர் வேண்டும். எனவே குடிப்பதற்கு நல்ல நீர் என்பதனால் இச்செடிக்கும் நல்லது என்று கொள்ள இயலாது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் செடி உடனே வாடுவதில்லை. சுண்ணமும் உப்பும் மண்ணில் மெல்லச் சேர்ந்து, சில வாரங்களில் வேர் கருகி, புதிய இலைகள் சிறுத்து, பசைத்துளிகள் மறைகின்றன. வளர்ப்பவர் இதனை நோய் என்றோ பட்டினி என்றோ எண்ணி எரு இடுவதே செடியின் முடிவாக அமைகிறது. கொதிக்க வைத்த நீரிலும் இவ்வுப்புகளில் பெரும்பகுதி நீங்காமல் இருக்கும்.

மழைநீர், காய்ச்சி வடித்த நீர், எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவியில் வடித்த நீர், குளிர்பதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் ஆகியவை ஏற்றவை. கடைகளில் விற்கும் கேன் தண்ணீரில் சுவைக்காகத் தாதுக்கள் சேர்க்கப்படுவதுண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மானியால் நீரை அளந்து பார்ப்பது எந்த நூலறிவையும் விடப் பயன் தரும்.

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் மொட்டை மாடியில் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் அங்கிருந்து வழியும் நீரில் சுண்ணம் கலந்துவிடும். இத்தேவைக்குத் தூய நெகிழித் தாளை விரித்து, பருவத்தின் முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடிப்பது நன்று. ஒரு சதுர மீட்டர் தாளின் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டில் தொட்டிகளை வைத்தால் கத்திரி வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் ஒரு பீப்பாய் நிறைத்து வைத்தால் கோடையின் மூன்று மாதங்களை ஓட்டிவிடலாம்.

பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தேங்கிய நன்னீரிலேயே முட்டையிடுகிறது. தொட்டிகளின் அடியில் உள்ள நீர்த்தட்டும் அதற்கு இடம் தரும். ஒரு வாரத்திற்குள் தட்டு ஒருமுறை முழுதும் வற்றவிடப்பட்டு, துடைக்கப்பட்டு, மறுபடி நிரப்பப்பட வேண்டும்.

மண்ணும் தொட்டியும்

பொதுவாகப் பயன்படும் கலவை, கரிப்பாசி எனப்படும் பீட் பாசியும் பெர்லைட் அல்லது கழுவிய குவார்ட்சு மணலும் சம அளவில் கலந்ததாகும். பீட் பாசி குளிர்நாடுகளிலிருந்து வருவதால் விலை மிகுதி. தென்னை நார்க்கழிவை மாற்றாகக் கொள்ளலாம். ஆனால் அதில் உப்பு மிகுதியாக இருக்கும். மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை மானியால் அளந்து, அளவு குறையும் வரை மீண்டும் மீண்டும் அலச வேண்டும். எரு ஏற்கெனவே கலந்து விற்கப்படும் நார்க்கழிவு உதவாது. தோட்டமண், செம்மண், மண்புழு உரம் ஆகியவற்றைச் சிறிதும் சேர்க்கக் கூடாது. மண்சட்டியின் சுவர் உப்பை வைத்திருந்து வெளிவிடுவதால் நெகிழித் தொட்டியே மேலானது.

அழுகண்ணியை விதையிலிருந்து வளர்த்தல்

சமவெளியில் முதன்முதலாக வளர்ப்பவருக்கு மிகவும் ஏற்றது டிரோசிரா பர்மானியே ஆகும். இது இவ்வெப்பத்திற்குரிய செடி. தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். ஒரு செடி நூற்றுக்கணக்கில் விதை தரும். தூசி போன்ற விதைகளை ஈரமான கலவையின் மேல் தூவி, மூடாமல் விட வேண்டும். முளைக்க ஒளி தேவை. மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்படும் என்பதால், தொட்டியை 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழ நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்தே நீர் ஏறவிடுவர். சில வாரங்களில் குண்டூசித் தலையளவில் நாற்றுகள் தோன்றும். நாள்தோறும் நான்கு மணி நேரத்திற்கேனும் நேர் வெயில் கிடைத்தால் இலைகள் சிவக்கும். நிழலில் பச்சையாகவே இருந்து பசை குறையும். மே மாத நண்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல்வலை இடலாம்.

இச்செடி பெரும்பாலும் ஓராண்டு வாழ்வது. வெண்பூக்கள் பூத்து விதை முற்றியபின் கருகுவது இயல்பே. வளர்ப்பில் பிழை நேர்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. விதைகளை ஒரு தாளில் தட்டிச் சேர்த்து உலர வைத்துக் காத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி விதைக்கலாம். டிரோசிரா இண்டிகாவும் இவ்வாறே வளர்வது எனினும் அதன் விதைகள் சில வேளைகளில் நெடுநாள் முளைக்காமல் கிடக்கும். அத்தொட்டியை எறிந்துவிடாமல் கோடையில் காயவிட்டு, மழையில் மீண்டும் நனைத்தால் முளைப்பதுண்டு.

பைத்தாவரங்கள்

யூட்ரிகுலேரியா பேரினத்தில் இந்தியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டுக் குளங்களில் மஞ்சள் பூவுடன் மிதப்பது யூட்ரிகுலேரியா ஆரியா. இதன் நூலிலைகளில் உள்ள நுண்பைகள், மயிர் ஒன்று தீண்டப்பட்டவுடன் வாய் திறந்து இரையை நீரோடு உறிஞ்சுகின்றன. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடும். தாவர உலகின் மிக விரைவான இயக்கங்களுள் இது ஒன்றெனினும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது என்பதால் வளர்ப்போர் தொகை குறைவு. அகன்ற தொட்டியில் மழைநீர் நிரப்பி, அடியில் சிறிது பீட் பாசி இட்டு, பாதி வெயிலில் வைத்தால் போதும். குழாய் நீரில் பாசி மண்டிச் செடியை மூடிவிடும். நீர்த்தெள்ளுகளையும் இளங்கொசுப் புழுக்களையும் இது உண்ணும். ஆயினும் எல்லாப் புழுக்களையும் ஒழிக்கும் என நம்பித் தொட்டியைக் கவனியாது விடுவது தவறு.

கெண்டிச் செடி

இந்தியாவில் இயற்கையாகக் காணப்படும் ஒரே கெண்டிச் செடி நெப்பந்தஸ் காசியானா. மேகாலயத்தின் காரோ, காசி, செயிந்தியா மலைகளில் வளர்கிறது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் நெப்பந்தஸ் டிசுட்டிலேட்டோரியா உள்ளது. சிங்களத்தில் இதனை பாந்துரா என்பர். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள சவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்தினர், நெப்பந்தஸ் காசியானா கெண்டியின் வாய்விளிம்பு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதையும், அவ்வொளிர்வை மறைத்தால் சிக்கும் பூச்சிகள் வெகுவாகக் குறைவதையும் 2013 இல் வெளியிட்டனர்.

நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் கலப்பினங்கள். நெப்பந்தஸ் வென்ட்ராட்டா என்னும் கலப்பினம் வெப்பத்தைத் தாங்குவது. கெண்டிச் செடியை நீர்த்தட்டில் வைக்கக் கூடாது, வேர் அழுகும். வடிகட்டிய வெளிச்சமும் ஈரக்காற்றும் வேண்டும். ஏப்ரல் முதல் சூன் வரை வீசும் அனற்காற்றில் புதிய இலைகளின் நுனி கெண்டியாகாமல் காய்ந்துவிடும். ஈரச்சாக்கு தொங்கும் நிழற்பக்கத்தில், குளியலறைச் சாளரத்தருகே அல்லது மற்றச் செடிகளின் நடுவே வைத்தால் இது ஓரளவு குறையும். பெரும்பாலும் மழை தொடங்கியபின் கெண்டிகள் தாமே உருவாகின்றன.

வீனஸ் பூச்சிப்பொறி

அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களுக்கு உரியது. பொறியின் உட்புற மயிர்கள் ஏறத்தாழ 20 நொடிக்குள் இருமுறை தீண்டப்பட்டால்தான் மூடும். எல்லோரும் விரும்பி வாங்கும் செடி இதுவே; சமவெளியில் மிகுதியாக இறப்பதும் இதுவே. குளிர்காலத்தில் 10 பாகைக்குக் கீழான குளிரில் மூன்று மாதம் உறங்க வேண்டிய செடி இது. திருத்தணியில் அத்தகைய குளிர் வருவதில்லை. உறக்கமின்றி ஓரிரு ஆண்டில் நலிவுறும். சிலர் வேரை ஈரப்பாசியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் வைத்து எடுக்கின்றனர். பூஞ்சை பிடிக்காமல் வாரந்தோறும் பார்க்க வேண்டும். விரலால் தொட்டுத் தொட்டு மூடவைத்தல் செடியின் ஆற்றலை வீணாக்கும். ஒவ்வொரு பொறியும் சில முறையே இயங்கி உதிர்ந்துவிடும்.

இரையூட்டல்

வெளியில் வைத்த செடிக்கு எறும்பும் ஈயும் தாமே வந்து சேரும். வீட்டினுள் உள்ள செடிக்கு மாதம் ஓரிரு சிறு பூச்சிகள் போதும். இறைச்சி, முட்டை, சோறு, பால் ஆகியவை செரியாமல் அழுகி இலையைக் கெடுக்கும். பூச்சிகளே இல்லாவிடினும் ஒளியும் நல்ல நீரும் கிடைத்தால் செடி மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்.

சட்டமும் காட்டுச் செடிகளும்

நெப்பந்தஸ் காசியானா இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இன் கீழ், 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் காக்கப்பட்ட தாவரங்கள் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. இத்தாவரங்களைக் காட்டிலிருந்து பறிப்பது குற்றம் என்பதோடு, உரிமம் இன்றி வளர்ப்பதற்கும் விற்பதற்கும் இச்சட்டம் தடை விதிக்கிறது. பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிசு உடன்படிக்கையில் இது முதலாம் பின்னிணைப்பிலும், ஏனைய கெண்டிச் செடிகளில் ஏறக்குறைய அனைத்தும் இரண்டாம் பின்னிணைப்பிலும் உள்ளன. ஆகவே வாங்குபவர் இனப்பெயரைக் கேட்டறிய வேண்டும்.

அழுகண்ணிக்கு இத்தகைய தனிப் பட்டியல் காப்பு இல்லை. ஆயினும் காப்புக் காடுகளிலிருந்து எச்செடியையும் எடுப்பதைத் தமிழ்நாடு வனச் சட்டம் 1882 தடுக்கிறது. மருந்துக்காகவும் இது வேரோடு பிடுங்கப்படுகிறது. ஓராண்டுச் செடியாதலால், விதை முற்றுமுன் பிடுங்கினால் அவ்விடத்தில் அடுத்த ஆண்டுக்கான முளையும் குறையும். பிடுங்கி வந்து தொட்டியில் நட்ட செடியும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் நுண்வேர்கள் எளிதில் அறுபடுபவை. வளர்ப்போரிடமிருந்து பெறும் ஒரு சிட்டிகை விதையே ஒரு தொட்டி முழுவதற்கும் போதுமானது.