திரைவாசிப்பான்: ஒரு தேர்வின் வரலாறு

டாஸ் காலத்துக் கணினித் திரையில் பெரும்பாலும் எழுத்துகளே இருந்தன: 25 வரி, வரிக்கு 80 எழுத்து. நினைவகத்திலும் அவை எழுத்துகளாகவே இருந்ததால், பார்வையற்றோருக்காக அவற்றை எடுத்துக் குரலாக்கும் திரைவாசிப்பானை உருவாக்குவது ஒப்பீட்டளவில் எளிது. ஐபிஎம்மில் ஜிம் தாட்சர் 1980களில் உருவாக்கிய ‘ஸ்கிரீன் ரீடர்’ இதில் முன்னோடி. விபத்தில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் ‘ஜாஸ்’ என்ற திரைவாசிப்பானை வெளியிட்டது.

விண்டோஸ் வந்ததும் நிலைமை தலைகீழானது. திரை வெறும் புள்ளிகளின் படமாகிவிட்டது. வரைவதற்கான கட்டளைகளை இடைமறித்து, எந்தச் சொல் எங்கே விழுகிறது என்ற பிரதியை மென்பொருளே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த உழைப்புக்கு விலையும் இருந்தது. 1995இல் விண்டோஸுக்கு வந்த ஜாஸும், போட்டியாளரான விண்டோ-ஐஸும் பல நூறு டாலர் விலையில் விற்றன. அதனால் எதைப் பயன்படுத்துவது என்ற தேர்வு பலருக்குப் பெயரளவில்தான். வேறொருவர் பணம் கட்டி வாங்கித் தந்ததே வாய்த்தது.

2005இல் ஆப்பிள் தன் மேக் கணினியிலேயே வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானைச் சேர்த்தது. அதைவிடப் பெரிய திருப்பம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய, விண்டோஸுக்கான என்விடிஏ. இலவசம், திறந்த மூலம். பென் டிரைவில் போட்டு எடுத்துச்சென்று பிறர் கணினியிலும் நிறுவாமலே இயக்கலாம். கூடவே வரும் ஈஸ்பீக் குரல், இயந்திரத்தனமாக ஒலித்தாலும், தமிழையும் படிக்கும். விண்டோ-ஐஸ் விற்பனை 2017இல் நின்றது. குறிப்பிட்ட அலுவலக மென்பொருளுக்கேற்ப ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளும் வசதியால் ஜாஸ் பணியிடங்களில் நிலைத்திருக்கிறது.